கம்பி விமானக்காரனின் கால்கள்

10-5-77, செவ்வாய்
காற்று துளியும் இல்லை. எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. என் பொம்மை விமானத்தின் றெக்கைக்குத் தாள் ஒட்டினேன்.

தங்கை எஸ்தரின் வீட்டுக்காரர் மில்லர்புரம் வீட்டுக்கு வந்தாயிற்று (கப்பலில் ரேடியோ ஆபீசர். மாப்பிள்ளை என்பதை இனி மா. என்று எழுதுகிறேன்). கையில் ஒரு ரேடியோ பெட்டி, அதற்கென்று ஒரு விமானம். கம்பி கிடையாது. பெட்டியில் குச்சியை அசைத்தால் ஆகாயத்தில் அது திரும்புகிறது. 17-ந்தேதி மறுபடி கப்பல் ஏறுகிறார்.

"அதுக்குள்ள லூப், ரோல், தலைகீழ், மூணும் தனியாப் போட்டு, ஒழுங்கா இறக்கிக் காட்டுங்க மச்சான். பெட்டிய இங்கனயே விட்டுட்டுப் போறேன். இல்லன்னா மெட்ராஸ்ல ஒருத்தர் கேட்டிருக்காரு."

லூப் என்றால் மேலே ஏறிக் கவிழ்ந்து ஒரு வட்டம், ரோல் என்றால் பக்கவாட்டில் ஒரு புரளல். எனக்கா பரீட்சை? பதினெட்டு வருஷமாகக் கைப்பிடியில் நீளக் கம்பி கட்டி, என்னைச் சுற்றி விமானம் விடுகிறவனுக்கா? சிரித்துவைத்தேன். ஆனால் பெட்டி வேண்டும். ரொம்ப வேண்டும்.

11, புதன்
உப்பளத்துக்குப் பின்னால் பொட்டல். காலை ஆறு மணி. லூப் நன்றாக வந்தது. ரோல் பரவாயில்லை. விமானம் என்னைப் பார்த்து வரும்போதுதான் வினை. இடது வலதாகிவிடுகிறது. புத்திக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. மா. பெட்டியை வாங்கிக் காப்பாற்றினார். மரியாதைக்கு 'வாங்கி' என்று எழுதுகிறேன். பிடுங்கினார்.

உப்பு வார வந்த பெண்களில் ஒருத்தி: "ஏளா, இங்கன பாரு. சாரு வெளையாட்டுச் சாமான அந்தத் தம்பி புடுங்குதாரு."

12, வியாழன்
பறக்கவில்லை. என் கம்பி விமானத்தின் எஞ்சினுக்கு ஈதர் சேர்த்து எண்ணெய் கலந்தேன். வீடெல்லாம் நாற்றம். எஸ்தரிடம் திட்டு.

யோசித்தது:
கம்பி – ஒரே வேலை, மேலே, கீழே. ஆனால் தரைக்கு ஆறடி உயரத்தில் தலைகீழ். யோசிக்க நேரம் கிடையாது. கூடவே சுற்ற வேண்டும், கிறுகிறுப்பு. விமானத்தின் இழுப்பு கையில் தெரியும், அது ஒரு தைரியம்.
பெட்டி – இழுப்பே இல்லை. கண்ணை மட்டும் நம்ப வேண்டும். ஒரே நேரத்தில் நாலு வேலை. உயரம் இருந்தால் தப்பைத் திருத்தலாம். விமானத்துக்குள் நாமே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு வரவில்லை.
எது கஷ்டம்? மா.விடம் கம்பியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

13, வெள்ளி
கொடுத்தேன். "இது ராட்டினந்தான?" என்றார். ஐந்தாம் சுற்றில் முகம் வெளுத்தது. ஏழாம் சுற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கைப்பிடியை நான் பிடித்து இறக்கினேன். உள்ளுக்குள் ஒரே குஷி. எழுதத்தான் வெட்கம்.

எஸ்தர்: "ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவிய இல்ல. சோறு ஆறுது, வாங்க."

14, சனி
லூப் ஆச்சு. ரோல் ஆச்சு. தலைகீழும் ஆச்சு. மா. கைதட்டினார். அப்போது எஞ்சின் நின்றது. உயரம் நிறைய. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் மிதந்து வந்துவிடும். நான் என்ன செய்தேன்? பின்பக்கமாக ஓடினேன்! கம்பி தொய்ந்தால் பின்னால் ஓடி இறுக்குவது பதினெட்டு வருஷப் பழக்கம். இங்கே இறுக்கக் கம்பி ஏது? உப்புக் குவியலில் மல்லாக்க விழுந்தேன். பெட்டியை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தேன். விமானம் சேற்றில் குத்தியது. இடது றெக்கை இரண்டு துண்டு.

மா.: "கையில ஒரு கொறையும் இல்ல மச்சான். காலுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு."

சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அழுகை வந்தது.

15, ஞாயிறு
கோயில். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மத்தியானம் றெக்கையை ஒட்டினோம், மா.வும் நானும். ராத்திரி மீன் குழம்பு.

16, திங்கள்
கடைசி நாள். ஆறு மணிக்கே மேற்கிலிருந்து கச்சான் காற்று லேசாக. உப்பு எடுக்காத பழைய பாத்தி ஒன்றில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால் வரை சேறு.

"இது என்ன கோலம் மச்சான்?"

"கால் ஓடாம இருக்க."

எஞ்சின் மேலேயே நிற்கட்டும் என்று எண்ணெய் வேண்டுமென்றே குறைவாக ஊற்றினோம். மூன்றும் போட்டேன். உயரத்தில் எஞ்சின் நின்றது. கால் இழுத்தது. சேறு விடவில்லை. மூக்கைத் தாழ்த்தினேன். என்னைப் பார்த்தே வந்தது. விரல் ஒருதரம் தப்பியது, திருத்திக்கொண்டேன். பொட்டலைத் தொட்டது, குதித்தது. ஒரு சக்கரம் கழன்று உருண்டது. விமானம் முழுசாக நின்றது.

மா. சக்கரத்தைத் தேடி எடுத்து வந்தார். நான் சேற்றிலேயே நிற்கிறேன்.

"பெட்டியோட பேட்டரிய வாரத்துக்கு ஒருக்கா சார்ஜ் போடணும் மச்சான். மறந்துராதிய" என்றார்.