மீதி இரண்டு போல்ட்

என் பொல்லாத அன்பு மனுசருக்கு,

ரெண்டு மாசமா உங்க படத்தைப் பார்த்துக்கூட நான் பேசலை. இன்றைக்கு எழுதுவதும் கோபத்தில்தான்.

நம்ம பழைய பிக்கப்பை விற்கச் சொல்கிறார் உங்க தம்பி. "வண்டியைப் பார்க்கப் பார்க்க மனசு கஷ்டப்படும் அண்ணி" என்கிறார். வண்டி என்ன செய்தது? உங்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ஜெனரேட்டரை ஒவ்வொரு தடவையும் நாலு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. இனி டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகலாம் என்று நீங்கதானே பிக்கப்பில் கொக்கி மாட்ட ஆரம்பிச்சீங்க? வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தீங்க. வெல்டிங் போதும் என்ற ஒர்க்ஷாப் சேட்டனிடம், "விட்டுப்போனா பின்னால வர்றவன் உயிர் போகும்" என்று சண்டை பிடிச்சீங்க. ஆறு துளை போட்டு, நாலு போல்ட்டை முறுக்கினீங்க. அஞ்சாவதுக்கு ஸ்பானரை எடுத்த கையோடு அங்கேயே போயிட்டீங்க.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சாயாக்கடைச் சேட்டன் என்னிடம் அழுதார். "ஒரு வாரமா நெஞ்சைத் தடவிக்கிட்டு வந்து சோடா குடிச்சாரு. சேச்சியோட பறயண்டான்னு சொல்லிட்டாரு." என்னிடம் சொல்லக் கூடாதாம். பக்கத்தில் நின்ற உங்க தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும். "வெறும் கேஸ் ட்ரபிள்னு சொன்னாரு அண்ணி, நம்பிட்டேன்."

இருபது வருஷம் பக்கத்தில் படுத்த எனக்கு மட்டும் தெரியாது. பின்னால் வருகிற யாரோ ஒருத்தன் உயிரை நினைச்சீங்களே, என்னை நினைக்கலையா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒர்க்ஷாப் சேட்டனைக் கூப்பிட்டேன். "நாலு போல்ட் மதி சேச்சி, அது போதும்" என்றார். "துளை ஆறு இருக்கு, ஆறும் போடணும்" என்றேன். நைட்டிக்கு மேல் உங்க சட்டையை மாட்டிக்கொண்டு நானும் அடியில் படுத்தேன். அவர் பிடித்துக்கொள்ள, ரெண்டையும் நான்தான் முறுக்கினேன். முறுக்கிக்கொண்டே உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சேட்டன் காதில் விழாத மாதிரி இருந்தார்.

மறுநாள் காலையில் இடது தோளில் சுருக்கென்று ஒரு வலி. சாயாக்கடையில் சொன்னேன், உங்க தம்பியிடம் சொன்னேன், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுத்தேன். சுளுக்குதான் என்று டாக்டர் சிரித்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அரை மணி நேர வேலைங்க. அதைத்தான் நீங்க செய்யலை.

வண்டியை விற்கவில்லை. இன்றைக்குச் சாயந்திரம் இடப்பள்ளியில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போனோம். கொக்கி அசையலை. பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது உங்க தம்பி நெஞ்சைத் தடவினார். "ஒண்ணுமில்லை அண்ணி" என்றார். நாளைக்குக் காலை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்றால் தெருவே கூடினாலும் சட்டையைப் பிடித்து இழுத்துப்போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. மன்னிப்பு மட்டும் கேட்காதீங்க, இப்போதைக்குக் கிடையாது.

இன்னும் கோபம் ஆறாத
உங்க பெண்டாட்டி,
செல்வி