மருந்து கேட்காத காயம்

நைனா,

காலை ரயில் கும்மிடிப்பூண்டியில் நின்றதும் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஏறுவார்கள். இன்று என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையில் உன் வாசனை இருந்தது. எண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்தது, எவ்வளவு துவைத்தாலும் போகாமல் அம்மாவிடம் உனக்குத் திட்டு வாங்கித் தந்தது. நான் பொன்னேரியில் இறங்க வேண்டும். இறங்காமல் மீஞ்சூர் வரை போய்த் திரும்பினேன். டியூட்டிக்குத் தாமதம். தூங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

இரும்பு மில்லில் கம்பிக் கட்டு சரிந்து உன் கால் முறிந்தபோது நாங்கள் அவ்வளவு பயப்படவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எலும்பில் வைத்த பிளேட் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். "பொங்கலுக்கு நடந்துடுவேன் பாரு" என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன்.

நான் நர்ஸ். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் வார்டில் கை கழுவாமல் யாரையும் உள்ளே விடாதவள். ஆனால் உன் ஆஸ்பத்திரியில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மகள் மட்டும்தான். கட்டு மாற்றுகிற அண்ணன் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதே கையுறையோடு வருவதைப் பார்த்தேன்.

"அண்ணா, கிளவுஸ மாத்திட்டு கட்டுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. "மாத்தணும்தான் சிஸ்டர். இன்னா பண்றது, குடுக்கிற டப்பா மதியத்துக்குள்ள தீந்துடுது. இத்தினி பேருக்கும் நான் ஒருத்தன்தான் ஓடிக்கினு கீறேன்."

கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தேன். அவர் அதை எல்லாக் கட்டிலுக்கும் பயன்படுத்தினார். அதுதான் சரி. மறுநாள் அதுவும் தீர்ந்தது. "அவுனும் இன்னா பண்ணுவான், வுடும்மா" என்றாய் நீ.

உன்னைப் பார்க்க மில்லிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லோரும் உன் காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். பாஸ்டர் கட்டின்மேல் கை வைத்து ஜெபிக்க வந்தபோது நான் குறுக்கே நின்றேன். கை கழுவிவிட்டு வரச் சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "ஊழியக்காரரப் பாத்து இன்னா பேச்சு இது?" வார்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்து நான் ஊற்ற, அந்த மனிதர் பொறுமையாகக் கழுவிக்கொண்டார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அன்று சாயங்காலம்தான் உனக்குக் குளிர் எடுத்தது.

கட்டு நனைந்திருந்தது. பிரித்தபோது வந்த வாடை என்னவென்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று இளம் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "நீங்க சிஸ்டர்ங்கறதால நேராவே சொல்றேன். சாதாரணமா குடுக்கிற மருந்து எதுவும் கேக்கல. கடைசியா இருக்கிறதப் போட்டுப் பாக்குறோம்." அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவரோடு சண்டை போடக்கூட என்னால் முடியவில்லை.

அந்தக் கிருமி எந்தக் கையிலிருந்து வந்தது நைனா? கட்டு மாற்றிய கையா, உன் கூட்டாளிகளின் கையா, போர்வை விரித்த அம்மாவின் கையா? என் கையாகவும் இருக்கலாம். சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. யாராவது ஒருவரைக் காட்டியிருந்தால், அவரைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

காலைத் திறந்து கழுவினார்கள். பிளேட்டை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க உன்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அங்கே மேலங்கியும் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் வர முடிந்தது. முதல் நாள் உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "யாரு சிஸ்டரு?" என்று கேட்டாய்.

கடைசியாகப் பேசிய அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அத்த கயட்டிட்டு புடியேன்மா" என்றாய்.

கையுறையின் விளிம்பு வரை விரலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என் லீவு முடிந்திருந்தது. மறுநாள் வார்டுக்குப் போக வேண்டும். நீயே புரிந்துகொண்டு சொன்னாய்: "வேணாம் வேணாம். கொயந்தைங்கள தூக்குற கை. அப்படியே புடி."

அப்படியே பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் உனக்கு நினைவு தப்பியது. பிறகு நீ கண் திறக்கவே இல்லை.

கழற்றியிருக்கலாமா என்று இன்று யாராவது கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். வார்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அது சரிதான். ஆனால் ரப்பரைத் தாண்டி வந்த உன் காய்ச்சலின் சூடு மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. உன் உள்ளங்கை எப்படி இருக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வருகிறது நைனா.