கன்சாஸ் பையனைப் பாராடாங்கில் விசாரித்தது

பத்துபஸ்தி,
போர்ட் பிளேர்,
12-2-1967

அன்புள்ள மங்கைக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் ஆபீஸ் நாட்களில் அதிகமாகவும், ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போகும்போது அறவே இல்லாமலும் இருக்கிறது. நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், இவ்வளவு தூரத்திலிருந்து அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாததால் நம்புகிறோம். உன் கடிதம் இரண்டு வாரத்துக்கு முன்னால் கல்கத்தா கப்பலில் வந்தது. பாஸ்டன் பனியைப் பற்றி மூன்று பக்கம், ஹாஸ்டல் உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு பக்கம், கடைசியில் உன் கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல் நெருக்கி எழுதிய மூன்று வரியில், நீ முன்பே எழுதியிருந்த, உன்னோடு செடிகளின் நோயை ஆராயும் கன்சாஸ் பையன் எட்வினைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகவும் எங்கள் சம்மதம் வேண்டும் என்றும். அப்பா அந்த மூன்று வரியை நின்றுகொண்டு படித்தார், உட்கார்ந்து படித்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பனியைப் பற்றிய பக்கங்களை மிகுந்த கவனத்தோடு படித்தார். ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்து, ஏன் இந்திரா, உலகத்துல இவ்வளவு நாடு இருக்கு, இவளுக்கு அமெரிக்காதானா கிடைச்சுது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உன் வயதுப் பிள்ளைகள் பெர்லினுக்கும் லண்டனுக்கும் பியூனஸ் அயர்சுக்கும் போனபோது, காலேஜ் சம்பளம் குறைவு என்பதற்காக அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள் இந்தத் தீவுகளிலேயே நீ ஒருத்திதான்.

செய்தி எப்படியோ இரண்டு வீடு தள்ளியிருக்கும் காண்ட்ராக்டர் மனைவி பொன்னம்மாவுக்குப் போய்விட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை, அப்பாவின் சீட்டுக் கச்சேரியில் அவள் வீட்டுக்காரரும் உண்டு. மறுநாளே வந்து, டீச்சர், அமெரிக்கான்னா எது, அந்தப் பஞ்சம் வந்த தேசமா என்று விசாரித்தாள். நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வதுபோலவே சொன்னேன்: அது ஒரு தேசம் இல்லை பொன்னம்மா, நூறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு, யாரும் ஜெயிக்காமல் பாகம் பிரித்துக்கொண்ட வீடு, இப்போது ஐந்து அடுப்பு எரிகிறது, ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போகச் சுங்கம் கட்ட வேண்டும் என்று. அப்ப நம்ம பையன் எந்த அடுப்பு என்றாள். கன்சாஸ், நடுக்கட்டு, கடலே கிடையாது, அவனுக்குப் பாஸ்டனே வெளிநாடுதான் என்றேன். அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். எட்வின் அடிக்கடி சொல்வதாக நீ முந்தைய கடிதங்களில் எழுதியிருந்தாயே, அந்தச் சண்டையில் ஒரு பக்கம் ஜெயித்து எல்லாரும் ஒன்றாக இருந்திருந்தால் அமெரிக்கா உலகத்துக்கே பெரிய வல்லரசாக ஆகியிருக்கும், சீமைப் பணமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், நம் பிள்ளைகள் அங்கே போக அனுமதிச் சீட்டுக்காக வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்று, அதையும் அவளுக்குச் சொன்னேன். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படி இருந்தா நானே என் மவளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை வேணும்னு முருகனுக்கு நேர்ந்துக்கிட்டிருப்பேன் டீச்சர் என்றாள். நீ அவனிடம் சொல், ‘ஆகியிருந்தால்’ என்று ஆரம்பிக்கும் விடைக்கு அவனுடைய வருங்கால மாமியார் மார்க் போடுவதில்லை. வீட்டைத் தொலைத்தவர்கள் எல்லாரும் அது அரண்மனை ஆகியிருக்கும் என்றுதான் சொல்வார்கள்.

சிரித்து முடித்த பிறகு பொன்னம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதுதான் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. இது நெலத்துக்குப் பண்ற கல்யாணம் டீச்சர், வெளிநாட்டுக்காரன் நம்ம பொண்ணக் கட்டினா குடியுரிமையும் கெடைக்குது, சர்க்கார் குடியேத்துற செட்டில்மெண்ட்ல அஞ்சு ஏக்கரும் கெடைக்குது, கஞ்சிக்கு இல்லாத ஊர்க்காரன் சும்மா விடுவானா, நம்ம லாங் ஐலண்டுத் தீவுல ஒருத்தன் அப்படித்தான் கட்டி, பட்டா கைக்கு வந்ததும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிட்டான், அந்தப் பொண்ணு இன்னிக்கும் கப்பல் துறையில வந்து நிக்குது என்றாள். எட்வினின் அப்பா பண்ணையைக் கடனுக்குப் பறிகொடுத்தவர் என்று நீயே எழுதியிருந்தது எனக்கும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் படித்த பையன், அப்படிப்பட்டவன் இல்லை என்று சொன்னேன். பார்க்காத ஒருவனுக்கு நான் ஏன் பரிந்து பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பா அன்று முழுவதும் எண்ணெய் தேவைப்படாத சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் முடிவை அறிவித்தார். பையன் வீட்டை விசாரிக்காமல் பெண் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை, பாராடாங் தீவில் கன்சாஸ்காரர்கள் நாலைந்து குடும்பம் குடியேறியிருக்கிறார்கள், அவர்களைப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். கன்சாஸ் மட்டுமே சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். இருக்கட்டுமே, கும்பகோணத்துல ஒரு பையனைப் பத்தி மதுரையில விசாரிச்சா தெரியாமயா போகுது என்றார். அந்தக் கேள்விக்கு எம்.ஏ.யில் பதில் சொல்லித்தரவில்லை.

ஆகவே போன சனிக்கிழமை, பாராடாங்குக்கு ரேஷன் அரிசி ஏற்றிப் போகும் படகோட்டி வியாகுலத்தின் படகில் நாங்கள் இருவரும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போனோம். நான் ஏன் போனேன் என்றால், அங்கே எல்லாருக்கும் பொதுப் பேச்சு இந்தி, அப்பாவின் இந்தியை வைத்துக்கொண்டு அவர் வேறு யாரையாவது நிச்சயம் செய்துவிட்டு வந்துவிடுவார். வியாகுலம் வழி நெடுக எங்களைச் சும்மா விடவில்லை. எட்வினா, எங்க ஊரு மணப்பாட்டுலயே நாலு எட்வின் இருக்கானுவ ஐயா, ஒருத்தன் என் மச்சினன், இவ்வளவு தூரம் போவானேன், சொல்லியிருந்தா நானே முடிச்சு வச்சிருப்பேனே என்றான். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டேன்.

பாராடாங்கில், ஊரே மௌசி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மார்த்தாவிடம் போகச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சிவந்து வெடித்த முகம், வங்காளிப் பெண்கள்போல் சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். கன்சாஸில் மண்ணே காற்றோடு பறந்துபோன வருடங்களில் புருஷனோடு கிளம்பி, பிரேசில், மலாயா என்று அலைந்து, கடைசியாக இங்கே நிலம் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வந்தவளாம். என் இலக்கண சுத்தமான இந்தியைக் கேட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கு நான் பழகிவிட்டேன், ஆனால் ஒரு கன்சாஸ்காரி சிரிப்பது புதிது. அப்பா எட்வினின் பெயர், தகப்பன் பெயர், இருந்த ஊர் எல்லாம் சொல்லி, குடும்பம் எப்படி என்று கேட்டார். அவள் வெகு யோசனையாகத் தலையை ஆட்டிவிட்டு, நீங்கள் மெட்ராஸ்காரர்கள்தானே, மலாயாவில் எங்கள் கோழியைத் திருடிய மெட்ராஸ்காரன் ஒருவன் இருந்தான், உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றாள். உன் அப்பா, மங்கை, நான் பொய் சொல்லவில்லை, எந்த ஊர்க்காரன் என்று கேட்டார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் நிலத்துக்காக ஒருவன் கல்யாணம் செய்துகொள்வானா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. வாருங்கள் என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தன் ஐந்து ஏக்கரைக் காட்டினாள். கரை உடைந்து உப்புத் தண்ணீர் புகுந்த பாதி, மான்கள் மேய்ந்துவிட்டுப் போன மீதி. காய்கறிப் பாத்தி முழுவதும் பெரிய பெரிய நத்தை. எந்தப் பக்கத்துக்கும் கைகொடுத்து முடித்துவைக்க ஒரு பெரிய தேசம் இல்லாமல் இழுத்துக்கொண்டே போன அந்த உலக யுத்தத்தில், 1952 வரை இங்கே உட்கார்ந்திருந்துவிட்டு ஜப்பான்காரர்கள் விட்டுப்போன நத்தைதான், நம் வீட்டுக் கீரையைத் தின்கிறதே அதே சாதி. இதற்காக ஒருவன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து உங்கள் பெண்ணைக் கட்டுவான் என்றால் அவன் கெட்டவன் இல்லை பெஹன்ஜி, பைத்தியக்காரன், அந்தக் குடும்பத்தில் பைத்தியம் உண்டா என்று விசாரியுங்கள் என்றாள். பிறகு எங்களுக்குக் கறுப்புத் தேநீர் கொடுத்துக்கொண்டே, லட்கி உதர் ரஹேகி யா இதர் ஆயேகி என்று கேட்டாள். பெண் அங்கேயே இருப்பாளா, இங்கே வருவாளா. நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்வின் குடிப்பானா, கடன் உண்டா, முன்னமே மனைவி உண்டா, நிலத்துக்கு ஆசைப்படுகிறானா என்று ஒரு வாரமாக ராத்திரி தூங்காமல் யோசித்த எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. அவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், என் அம்மாவும் என் புருஷனைப் பற்றி எல்லாம் விசாரித்தாள், எங்கே கூட்டிக்கொண்டு போவான் என்பதை மட்டும் கேட்கவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது படகில் மூட்டைகள் இல்லை, வெறும் பலகைமேல் உட்கார்ந்து வந்தோம். அப்பா சட்டையில் ஒட்டிய உமியை ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் போட்டுக்கொண்டு வந்தார். வியாகுலத்துக்குப் பொறுக்கவில்லை. என்ன டீச்சரம்மா, ரெண்டு பேரும் இப்படி இருக்கிய, பையன் தேறுனானா இல்லையா என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அப்பா, நெலம் வேணும்னு கேட்டாத்தான் தேறுவான் என்றார். வியாகுலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மங்கை, நான் இந்த மாதிரி விஷயங்களைப் பேசுகிறவள் இல்லை, எழுதுகிறவளும் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் உலகத்தில் எந்தத் தாயாவது மாப்பிள்ளையாக வருகிறவன் சொத்துக்கு ஆசைப்படுபவனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பாளா? பாராடாங்கிலிருந்து போர்ட் பிளேர் வரை நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன். யாரிடம் என்று கேட்காதே, கோயிலுக்குப் போகாதவள் யாரிடம் வேண்டுவது என்ற சங்கடம் எனக்கே இருந்தது.

எங்கள் சம்மதம் உண்டு. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அவன் இங்கே வந்தாலும் சம்மதம், நீ அந்தப் பனியிலேயே இருந்தாலும் சம்மதம். எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவனிடம் நேராகக் கேட்டு, எனக்கு நேராக எழுது. எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இரண்டு வருடத்தில் வருவோம் என்றெல்லாம் எழுதாதே, கப்பல் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் வேலை எனக்குப் பிடிக்காது, அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும், அதுதான் கஷ்டம். திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தார். கேட்டதற்கு முழங்கால் என்றார். பிறகு தெரிந்தது, செட்டில்மெண்ட் ஆபீஸுக்குப் போய், மிச்சம் இருக்கும் நிலம் எங்கெங்கே என்று விசாரித்திருக்கிறார். போர்ட் பிளேர் பக்கத்தில் ஒன்றும் இல்லையாம். மான் வராத நிலமாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டாராம், அந்தக் குமாஸ்தா எழுந்து நின்று கும்பிட்டானாம்.

மரகதம் அத்தைக்கு இன்னும் எழுதவில்லை, எழுதினால் திருச்சி முழுவதும் ஒரே நாளில் தெரிந்துவிடும், நீ சொன்ன பிறகு எழுதுகிறேன். ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் தகர டப்பாவில் ஈயம் வைத்து மூடி அனுப்பியிருக்கிறேன், எட்வினுக்குக் கொடுக்கும்போது முதல் நாள் கொஞ்சமாகக் கொடு. உருளைக்கிழங்கைக் குறை. வெயில் இல்லாத ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. ஆராய்ச்சியைக் கல்யாணத்துக்காக நடுவில் நிறுத்தக்கூடாது, இது புத்திமதி இல்லை, உத்தரவு. நீயும் அவனும் ஒருவரை ஒருவர் மதித்து, நல்ல உடம்போடும் நல்ல வேலையோடும் நெடுநாள் சேர்ந்து வாழ எங்கள் இருவரின் ஆசிகள். அப்பா தனியாகக் கடிதம் எழுத மாட்டாராம், கீழே இரண்டு வரிக்கு இடம் விடச் சொன்னார், விட்டிருக்கிறேன்.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
இந்திராணி

மங்கை, மாப்பிள்ளையின் கால் அளவை மறக்காமல் எழுது. காட்டுப் பக்கம் அட்டை அதிகம், பெரிய அளவில் கம் பூட்ஸ் வேண்டுமென்றால் கல்கத்தாவுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். அப்பா.