பூஜையில் வைக்காத ஹெல்மெட்

நாளைக்கு ஆயுத பூஜை. கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்துவிட்டு, கட்டிலடியிலிருந்து கிரிக்கெட் பையை இழுத்தேன். நீல ஹெல்மெட்டைத் துடைக்கும்போது முன்கம்பியின் மூட்டில் துணி தட்டியது. நீ வைத்த சந்தனப் பொட்டு, காய்ந்து கெட்டியாகி, இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் துடைக்க எனக்குக் கை வரவில்லை. நீ போன பிறகு இப்படி உட்கார்ந்து உன்னிடம் பேசியதே இல்லை. இன்றைக்குப் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரகடத்துக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். கண்ணாடி, கையுறை, ஷூ, இதில் ஒன்று குறைந்தாலும் நம்மை உள்ளே விடமாட்டார்கள். அந்தக் கெடுபிடியைப் பார்த்து நாங்களெல்லாம் முணுமுணுப்போம். நீ மட்டும் அதை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தாய். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் மைதானத்துக்கு ஓடுவாய். நம் தெருப் பெண்பிள்ளைகள் கிரிக்கெட் கற்றுக்கொள்ள உனக்காகக் காத்திருப்பார்கள். கால் பேடு கட்டாமல் எவளாவது மட்டையைத் தூக்கினால் போதும், "இன்னாடி, ஸ்பேர் காலு வூட்ல வெச்சிக்கினு வந்தியா?" என்று ஆரம்பித்துவிடுவாய்.

முதலில் நீ கொண்டுவந்தது கம்பெனியில் கழித்துப்போட்ட மஞ்சள் ஹெல்மெட். அதை மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகள் சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர்கள் போலிருந்தார்கள். "மேலேந்து தேங்கா வுழுந்தா தாங்கும்டி, மூஞ்சிக்கு நேரா பந்து வந்தா இன்னா பண்ணுவ?" என்று நான் சிரித்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே கம்பி வைத்த இந்த நீல ஹெல்மெட்டோடு வந்து நின்றாய். அதை முதலில் மாட்டிக்கொண்டவள் என் மகள் கீர்த்தி.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. லைனில் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்த கையோடு, வீட்டில் ஹெல்மெட், பேடு, கிளவுஸ் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலையோடு சாமி முன்னால் அடுக்கினாய். மட்டையும் பந்தும் பிள்ளைகளிடமே இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு லீவு வேறு, விடுவார்களா? எல்லோரும் மைதானத்தில் கூடிவிட்டார்கள். கீர்த்தி ஹெல்மெட் கேட்டு உன் வாசலுக்கு வந்தாள்.

"பூஜைல வெச்சத நாளைக்கு எடுக்கற வரைக்கும் தொடக் கூடாதுடி. இன்னிக்கு ஒரு நாளு பந்த மெதுவா போட்டுக்கினு ஆடுங்க" என்றாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம்மில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மெதுவாகப் போட்ட பந்துதான். கல்லில் பட்டு எகிறி, கீர்த்தியின் புருவத்தைக் கிழித்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்து, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீதான். "சாமிக்குக் காட்டறேன்னு புள்ள தலைய வுட்டுட்டனேடி" என்று வழியெல்லாம் அரற்றினாய். பெற்றவள் நான் அழுவதா, உன்னைத் தேற்றுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கண் தப்பியது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் துண்டிலிருந்து கையை எடுத்தாய்.

மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து எடுத்த ஹெல்மெட்டைப் பொட்டுகூட அழிக்காமல் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாய். என் வீட்டுக்காரர் உன்னை உட்காரச் சொல்லவில்லை. "கண்ணு போயிருந்தா யாருமா பதில் சொல்றது? இனிமே எம் பொண்ணு மட்டைய தொட மாட்டா" என்றார். நீ தலை நிமிரவே இல்லை. "நீங்க சொல்றது ஞாயம்ணே. இவ மட்டும் இல்ல, யாரும் ஆட வேணாம். எல்லாத்தையும் இன்னியோட நிறுத்திடறேன்" என்றாய். எனக்குத் திக்கென்றது. அந்த மைதானத்தை விட்டால் உனக்கு வேறென்ன இருந்தது?

அப்போதுதான் கீர்த்தி தலைக் கட்டோடு எழுந்து வந்தாள். "ஏன் அத்தே, மட்டையும் பந்தும் தான ஆயுதம்? அத்த பூஜைல வெச்சிக்கினு ஹெல்மெட்ட எங்க கையில குட்த்திருந்தா யாருக்கு அடிபட்டிருக்கும்?"

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். நீ சிரிப்பும் அழுகையுமாக அவளைக் கட்டிக்கொண்டாய். தையல் பிரிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் இறங்கி வந்தார். அன்றைக்கே நீ சட்டம் போட்டாய்: "ஆயுதத்துக்கு லீவு உண்டு. ஹெல்மெட்டுக்கு லீவே கெடையாது." அதன் பிறகு வந்த ஒவ்வொரு பூஜைக்கும் மட்டை, பந்து, ஸ்டம்பு மட்டும்தான் சாமி முன்னால் போயின. அந்தப் பழைய பொட்டையும் நீ அழிக்க விடவில்லை. "இருக்கட்டும். கண்ணுல பட்டுக்கினே இருந்தாதான் எனக்குப் புத்தி நிக்கும்" என்பாய்.

காய்ச்சல் என்று படுத்தாய். பிழைத்து வருவாய் என்றுதான் எல்லோரும் இருந்தோம். இப்போது பை எங்கள் வீட்டில் இருக்கிறது. உன் படமும் எங்கள் சாமி அலமாரியில்தான். லைனில் நீ நின்ற இடத்தில் வேறொரு பெண் நிற்கிறாள். நல்ல பெண். இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் உன் பேர்தான் வாயில் வருகிறது.

சற்றுமுன், ஆட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் வந்தாள். உனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, நீல ஹெல்மெட்டை எடுத்து உன் படத்துக்குக் கீழே வைத்துப் பூவும் சூட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானே விட்டுவிட்டிருப்பேன். கீர்த்திதான் பூவை எடுத்து உன் படத்துக்கு வைத்துவிட்டு, ஹெல்மெட்டை அந்தப் பெண்ணின் தலையில் மாட்டி, தாடை வாரை இழுத்துக் கட்டினாள். "அத்தைக்கு மட்டைய வைடி. இத்த வெச்சா திட்டும்" என்றாள். அவள் புருவத்துத் தழும்பு இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

நாளைக்கு உன் முன்னால் மட்டை இருக்கும், பந்து இருக்கும், பொரிகடலை இருக்கும். நீ ஆசை ஆசையாய் வாங்கிய ஹெல்மெட் மட்டும் இருக்காது. கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அது வெளியே, கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.