ஈரம் காயாத கோட்டு

அனுப்புநர்:
பணியில் இறந்த தீயணைப்பு வீரரின் மனைவி,
(நிலையத்தில் அவரை ‘நெட்டை’ என்பார்கள்)
தீயணைப்பு நிலையக் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு தலைமைத் தீயணைப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: என் கணவர் தீக்காப்புக் கோட்டைச் சரியாக அணியவில்லை என்ற விசாரணை முடிவை நீக்கவும், வீரர்களுக்கு மாற்றுக் கோட்டு வழங்கவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற மாதம் பெயிண்ட் கிடங்குத் தீயில் சிக்கி என் கணவர் இறந்துபோனார். சைரன் கேட்டால் இன்னமும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். யார் வேலைக்கும் உலை வைக்க இதை எழுதவில்லை.

2. “உடல் வெந்திருந்தும் கோட்டில் கருகலோ கிழிசலோ இல்லை, ஆகவே வீரர் அதன் முன்பக்கக் கொக்கிகளை மாட்டாமல் உள்ளே சென்றிருக்க வேண்டும்” என்கிறது தங்கள் விசாரணை அறிக்கை. ஐயா, அவர் வீட்டில்கூடச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனிதர். கல்யாணப் போட்டோவில் மூச்சுமுட்டித்தான் நிற்பார். அதைச் சொல்லி நான் கேலி செய்யாத நாளில்லை.

3. அன்று காலை மரக்கடைத் தீயை அணைத்துவிட்டு வந்தார்கள். தீயிலிருந்து கடைசியாக வெளியே வருபவரைக் குழாயால் நனைப்பது அந்த நிலையத்தாரின் வழக்கம். கரி போகும், சூடு தணியும், கொஞ்சம் சிரிக்கலாம். எப்போதும் கடைசி ஆள் என் கணவர்தான். அன்றும் தொப்பலாக நனைத்தார்கள். கோட்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி மணி அடித்தது. ஆளுக்கு ஒரே கோட்டுதான். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினார்.

4. கோட்டின் அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். உள்ளுறை நைந்திருந்ததால் அங்கே தண்ணீர் இறங்கிவிட்டது. மூச்சுவிடுவதற்காக முதுகில் சுமந்த காற்று உருளையின் பட்டை அழுத்திய இடத்தில் அந்தத் தண்ணீர் கொதித்திருக்கிறது. வலி தாங்காமல் அவர் பட்டையை உருவியதில் உருளையோடு இணைந்த முகமூடியும் கழன்று, புகை நெஞ்சில் ஏறிவிட்டது. “இது நெருப்பு சுட்டது இல்லம்மா, ஆவி சுட்டது” என்றார் மருத்துவர். இரண்டு தோளிலும் பட்டையின் அகலத்துக்கு வெந்திருந்தது. மார்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. கொக்கி திறந்திருந்தால் மார்பல்லவா வெந்திருக்கும்?

5. வண்டி ஓட்டும் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், “குழாய நான்தான் புடிச்சேன் தங்கச்சி” என்று சொல்லி அழுதார். என் கணவர் ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது, “பசங்கள ஒண்ணும் சொல்லிடாத.” அவர்களைத் தண்டிக்காதீர்கள். ஈரக் கோட்டு என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

6. அறிக்கையிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை நீக்கித் தாருங்கள். என் மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அப்பாவைப் பற்றி அவள் படிப்பது அதுவாக இருக்க வேண்டாம். நைந்த உள்ளுறைகளை மாற்றி, ஆளுக்கொரு மாற்றுக் கோட்டும் வழங்குங்கள்.

7. நேற்று அவருடைய செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிவர நிலையத்துக்குப் போனேன். அவர் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவரும் நெட்டையாம். வேறு கோட்டு அவருக்குப் பொருந்தவில்லையாம். தோள்பக்கம் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புதுக் கோட்டு வரும்வரை அவரை எந்தத் தீக்கும் அனுப்பாதிருக்குமாறு கைகூப்பிக் கேட்கிறேன். சைரன் கேட்டால் அவர் வீட்டிலும் யாராவது எழுந்து வாசலுக்கு வருவார்கள்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: நிலையக் குடியிருப்பு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நெட்டையின் மனைவி