ஏழாம் மாதத்து அழைப்பு

ஆவடி,
12-4-87

மரியே வாழ்க

அன்புள்ள சித்திக்கு,

ஜெயசீலி எழுதுவது. இங்கு நானும் அவரும் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இன்று குருத்து ஞாயிறு. அவரும் அத்தையும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் மட்டும் குவார்ட்டர்ஸில் படுத்துக்கொண்டு, ஒருக்களித்தபடியே இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அப்பா சிவப்பு மையில் திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வாத்தியார் வீட்டுப் பெண்ணாகப் பிறந்து பட்டது போதும்.

எனக்கு மூன்று மாதம். இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். போன செவ்வாய் குழாயடியில் இரண்டு குடம் தூக்கினேன். சாயங்காலம் லேசாக இரத்தம் பட்டது. அம்பத்தூர் டாக்டரம்மா ஊசி போட்டு, பத்து நாள் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் பயம்தான். மூலையில் நின்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுத்தான் குனிந்து பார்க்கிறேன்.

அத்தை ஒன்று கேட்டு எழுதச் சொன்னார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானாம். ஏழாம் மாதம் நீங்கள் வந்து அழைத்துப் போவீர்களா? எனக்கும் மணப்பாறைக்கு வர வேண்டும் போலத்தான் இருக்கிறது. இதை நானா எழுதுகிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும்தான்.

இப்படிக்கு,
ஜெயசீலி


மணப்பாறை,
22-4-87

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

சித்தி எழுதுவது. உன் கடிதம் பெரிய வியாழன் அன்று வந்தது. உன் அப்பா படித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விட்டார். நான்தான் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டேன். ஈஸ்டர் பூசையை உன் பேருக்கு ஒப்புக்கொடுத்தோம்.

அழைத்துப் போவீர்களா என்று கேட்கலாமா? இது உன் வீடு. ஆகஸ்டு மாதம் நானே வந்து கூட்டி வருகிறேன். சம்பந்தியம்மாவுக்குச் சொல்லிவிடு. பின்பக்கத்து அறையை வெள்ளையடித்து வைக்கிறேன்.

குடம் தூக்காதே. படி ஏறாதே. மாப்பிள்ளையைத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகச் சொல். ஃபாக்டரியில் இரும்பு தூக்குகிறவருக்கு ஒரு குடம் பாரமில்லை.

உன் சித்தி,
சகாயம்மாள்


ஆவடி,
20-5-87

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை அத்தையிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். 'வருகிறேன்' என்ற இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன்.

வெயில் தாங்கவில்லை. அவர் காலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே மூன்று குடம் பிடித்து வைத்துவிடுகிறார். வாந்தி நின்றுவிட்டது. நின்றதற்கும் பயப்படுகிறேன். வாந்தி வந்தபோது, உள்ளே பிள்ளை இருக்கிறது என்றாவது தெரிந்தது. நாலு மாதம் தாண்டியும் இன்னும் அசைவு தெரியவில்லை. பால் ஊற்ற வருகிற எல்லம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறாள். "இன்னாம்மா நீ, அது இன்னா மீனா, இப்பவே துள்றதுக்கு? தூங்கிகினு கீது, வுடு" என்கிறாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். அவளால் சிரிக்க முடிகிறது.

சித்தி, ஒன்றை எழுதாமல் என்னால் இருக்க முடியாது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுடைய நீலச் சேலையை வெட்டி எனக்குப் பாவாடை தைத்திருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று ஊரே கேட்கக் கத்தினேன். "உனக்குப் பிள்ளையே பிறக்காது பார்" என்று சொன்னேன். நீங்கள் கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உங்களுக்குப் பிள்ளை இல்லை. நானும் ஒரு நாளும் அதற்காக மன்னிப்புக் கேட்டதில்லை.

இரத்தம் பட்ட அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். அந்த வார்த்தை சுற்றிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன். மனம் ஆறவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் ஆறும்.

ஜெயசீலி


மணப்பாறை,
18-6-87

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

இந்த வருஷம் இங்கே தண்ணீர்க் கஷ்டம் அதிகம். பின்பக்கத்து அறையில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில், நீ அங்கேயே பிரசவம் வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. ஃபாக்டரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆகஸ்டில் என்னால் வர முடியாது. சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

சித்தி


ஆவடி,
29-6-87

சித்திக்கு,

ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லையா? மணப்பாறையிலா? நான் சின்னப் பிள்ளையில்லை.

அத்தையிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர்களும் பக்குவமாக, "சொந்தத் தாயாக இருந்தால் இப்படி எழுதுவாளா?" என்று கேட்டார்கள். என்ன சொல்லி உங்களுக்காகப் பரிந்து பேசுவது? அடுத்த வீட்டு வனஜா அக்காவை அவர்கள் அம்மா வந்து அழைத்துப் போனபோது, இந்த பிளாக்கே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு யாரும் வர மாட்டார்கள் என்பதும் இந்த பிளாக்குக்கு இப்போது தெரியும்.

என் கடிதத்துக்கு ஒரு வரி கேட்டேன். ஓட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எழுதினீர்கள். நான் கேட்ட மன்னிப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மன்னிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுதியிருக்கலாம். நான் சொன்னது மன்னிக்கக் கூடிய பேச்சும் இல்லை.

பிள்ளை அசைகிறது. ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து. அதை முதலில் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். நேற்று அரை நாள் அசையவில்லை. எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்படித்தான் போகிறது என் நாள்.

இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஜெயசீலி


மணப்பாறை,
15-7-87

மரியே வாழ்க

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

எனக்கு நான்காம் மாதம் முடியப் போகிறது. எழுதக் கை கூசுகிறது. மார்ச்சில் தீட்டு நின்றது. முப்பத்தேழு வயது, சிலருக்குச் சீக்கிரம் நின்றுவிடும் என்பார்கள், அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஜூன் மாதம் தலைசுற்றி விழுந்தேன். உன் அப்பா திருச்சிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா சொன்னதும் அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது பள்ளிக்கூடத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய்வருகிறார். யாருக்கும் சொல்லவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். மகளுக்குப் பிரசவம் பார்க்கிற வயதில் தானும் உண்டாகியிருக்கிறாள் என்று ஊர் சிரிக்கும்.

உன்னை வரவேண்டாம் என்று எழுதியது அதனால்தான். பாரம் தூக்க வேண்டாம், குனிய வேண்டாம் என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள். உனக்கு வெந்நீர் போட்டு ஊற்ற யார் இருக்கிறார்கள்? ஒரு பிள்ளைத்தாய்ச்சி இன்னொரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் பார்க்கக் கூடாது என்றும் இங்கே பேசுகிறார்கள். உண்மையை எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். நீ என்ன நினைப்பாயோ என்று பயந்து ஓடு மாற்ற ஆளில்லை என்று எழுதினேன். பொய் எழுதிப் பழக்கமில்லை. அதனால்தான் பிடிபட்டேன்.

நீ கேட்ட வரிக்கு வருகிறேன். அந்த வார்த்தையை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். ஒவ்வொரு மாதமும் நினைத்திருக்கிறேன். வலித்தது. ஆனால் உன்மேல் கோபம் வந்ததில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கத்துவதெல்லாம் பலிக்கும் என்றால், நம் தெருவில் ஒரு வீட்டிலும் தொட்டில் ஆடியிருக்காது. இப்போது பார், அது பலிக்கவும் இல்லை. ஆகவே உன் பயத்தைத் தூக்கி வெளியே போடு.

அந்தச் சேலையை நான் வெட்டியது, உன் அம்மாவின் துணி உன் உடம்பில் இருக்கட்டும் என்றுதான். உன்னிடம் கேட்டுவிட்டு வெட்டியிருக்க வேண்டும். அது என் தப்பு.

பிள்ளை அசைந்தது என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

சித்தி


ஆவடி,
27-7-87

மரியே வாழ்க

அன்புள்ள சித்திக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள்மேல் இல்லை, அப்பாமேல். அவர் எனக்கு மட்டும்தான் அப்பா என்ற நினைப்பு இந்த இருபத்துமூன்று வயதிலும் என்னை விடவில்லை போலிருக்கிறது. இவருக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம பிள்ளையைவிடச் சின்னவனா ஒரு மாமன் வரப்போறான். காது குத்துறப்போ அவனை யாரு மடியில வெச்சுக்கிறது?" என்று கேட்டார். நான் அடிக்கக் கையை ஓங்கி, நானும் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

மறுநாள் எல்லம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னேன். "இதுக்கா அழுதுகினு கீற? எங்க ஊட்ல எங்க மாமியாரும் நானும் ஒரே வருசம் பெத்தோம். அதுக்குப் பால் பத்தல, ரெண்டுத்துக்கும் நான்தான் குடுத்தேன். என் கொழுந்தன் இப்ப திருமழிசையில கம்பெனிக்குப் போறான், என்னியப் பாத்தா எந்திரிச்சி நிப்பான்" என்றாள். பாலை ஊற்றிவிட்டு, "உன் சித்திக்கு ஆரு கீறாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. எனக்கு யார் வருவார்கள் என்று ஒரு மாதமாக அழுதுகொண்டிருக்கிறேன். உங்களுக்கும் இது தலைப்பிரசவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் அம்மா நீங்கள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணன்மார்கள் எட்டிப் பார்ப்பதில்லை. உங்களை ஏழாம் மாதம் வந்து அழைத்துப் போக யார் இருக்கிறார்கள்?

நான் அழைக்கிறேன். இங்கே வாருங்கள்.

நான் அக்டோபர், நீங்கள் டிசம்பர். முதலில் நீங்கள் எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தால் போதும், வேலைக்கு எல்லம்மாவை வைத்துக்கொள்கிறேன். பிறகு நான் எழுந்து உங்களுக்குச் செய்வேன். ஆவடியில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். முப்பத்தேழு வயதில் உங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அம்பத்தூர் டாக்டரம்மாவும் சொன்னார்கள். நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அத்தை, ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் படுக்கக் கூடாது என்றார்கள். வனஜா அக்கா கைப்பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டார்கள். "சித்தி எங்க வீட்ல படுத்துக்கட்டும், உங்க வீட்ல சாப்பிடட்டும். அப்ப ரெண்டு வீடுதானே?" என்றார்கள். அத்தையால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. இவர் பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் கட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஊர் சிரிக்கும் என்று எழுதினீர்கள். ஆவடியில் உங்களை யாருக்குத் தெரியும்? சேலையைப் போர்த்தாமல் நடக்கலாம்.

ஜெயசீலி


மணப்பாறை,
22-8-87

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்குள் உனக்கு என்ன என்ன நினைப்பு ஓடியிருக்கும் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

உன் அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மறுநாள் திருச்சிக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். வரும் சனிக்கிழமை, 29ஆம் தேதி, காலை ரயிலில் கிளம்புகிறோம். மத்தியானம் எழும்பூருக்கு மாப்பிள்ளையை வரச் சொல். உன் அப்பா என்னை விட்டுவிட்டு ஞாயிறு திரும்பிவிடுவார். அவர் உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவார். நீதான் முதலில் பேச வேண்டும்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், ஜெயசீலி. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் பிள்ளை குறையில்லாமல் பிறக்குமா, நான் பிழைப்பேனா என்று தினமும் பயமாக இருக்கிறது. உனக்குத் தைரியம் சொல்லி எழுதிய கடிதங்களையெல்லாம் பயந்துகொண்டேதான் எழுதினேன். நீயும் பயந்துகொண்டுதான் இருக்கிறாய். அதனால் ஒன்று பேசி வைத்துக்கொள்வோம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளையை நீ வளர்க்க வேண்டும். தாயில்லாத பிள்ளை கத்தினால் ஏன் கத்துகிறது என்று உனக்குத் தெரியும், நீ அடிக்க மாட்டாய். உனக்கு ஏதாவது ஆனால் உன் பிள்ளையை நான் வளர்ப்பேன். நான் ஏற்கனவே ஒன்றை வளர்த்திருக்கிறேன். அது என்னை ஏழாம் மாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதியிருக்கிறது.

இதற்குச் சம்மதமா என்று எழுத வேண்டாம். தபால் வருவதற்குள் நான் புறப்பட்டுவிடுவேன்.

சகாயம்மாள்