என் மூட்டை கனமில்லை

மகன் சுருளிவேலுக்கு, ஏலத்தோட்டத்திலிருந்து ஆத்தா எழுதுவது. நான் சுகம். பேத்திக்குச் சளி விட்டதா?

நீ டர்போ மாட்டிய கார் மலையேறும்போது திணறியதும், "ஒன் மூட்டைக் கனந்தான் ஆத்தா, எறங்கு" என்று பாதி வளைவில் மூட்டையோடு இறக்கிவிட்டாய். நடந்தே வந்து சேர்ந்தேன், கவலைப்படாதே. ஆனால் இறக்கிவிட்ட பிறகும் அது திணறிக்கொண்டே போனதை நின்று பார்த்தேன்.

மெதுவாகப் போனால் ஒழுங்காக ஓடுகிறது, மிதித்தால்தான் விட்டுவிட்டு அடிக்கிறது என்று எங்கள் ஜீப்பு டிரைவர் முத்துக்கண்ணனிடம் சொன்னேன். "இஞ்சின்ல பொறி தட்டுற பிளக்குல இடைவெளி கூடிப்போச்சு ஆத்தா. டர்போ அமுக்குற காத்துல பொறி அணைஞ்சுருது" என்றான். இடைவெளியைக் குறைத்து வை. நான் அஞ்சாம் வகுப்புதான். காது நன்றாகக் கேட்கும்.

மூக்குக்கண்ணாடி உன் காரில் கிடக்கிறது, பஸ்சில் கொடுத்துவிடு. கடிதம் கொண்டுபோகும் ஜீப்பு கிளம்புகிறது, முடிக்கிறேன். நீயே கொண்டுவந்தாலும் சரி, திரும்பும்போது உன் காரில் ஏற்ற என்னிடம் மூட்டை ஒன்றும் இல்லை.

மொக்கம்மாள்